காகிதத்தில் கன்னி

வைப்பாஹூ, ஹவாய்
7 பிப்ரவரி 2010

என் அருமை மகள் பெர்லிதாவுக்கு,

முதலில் நல்ல செய்திகள். உன் அக்கா லெதீசியாவின் மூத்தவள் செரிலின் நர்ஸ் பரீட்சையில் முதல் தடவையே தேறிவிட்டாள். இப்போதெல்லாம் வெள்ளை உடுப்பு இல்லை, நீலத்தில் தூங்கப் போகிறவர்கள் போடுவது போல ஒன்று. அதைப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் தம்பி டாரில் பள்ளிக் கால்பந்து அணிக்குத் தலைவன். லாஸ் வேகாஸில் ஒரு கல்லூரி அவனை வரச்சொல்லியிருக்கிறது. உன் தம்பி அர்செனியோவின் மகள் கையா மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டு ஐந்தாம் வகுப்புப் புத்தகம் வாசிக்கிறாள். நான் ஐந்தோடு நிறுத்தியவள், அவள் ஒன்பது வயதில் என்னைத் தாண்டிப் போய்விடுவாள் போலிருக்கிறது. பேரப்பிள்ளைகள் மூன்று பேரும் மணியான பிள்ளைகள். ஞாயிறு பூசை முடிந்ததும் இதையெல்லாம் எல்லாரிடமும் சொல்கிறேன். என்னைக் கண்டதும் சிலர் கோயிலின் பக்கவாட்டுக் கதவு வழியாக இறங்கிப் போகிறார்கள்.

நீ எப்படி இருக்கிறாய்? பூண்டு அறுவடை முடிந்ததா? ஞாயிற்றுக்கிழமை போனில் வீடே சுற்றி நின்று கத்துகிறது. மழையையும் பூண்டையும் தவிர எதையும் பேச முடிவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் அந்த இரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரம். அதை விட்டு அவரும் அசைய முடியாது, அவரை விட்டு நானும் அசைய முடியாது. ஊருக்கு வருகிற பேச்சே இல்லை. நீதான் வரவேண்டும். இந்த நாட்டுப் படையில் சேர்ந்து ஜப்பான்காரனோடு நம்மூர் மலையில் சண்டை போட்டதற்கு ஐம்பது வருஷம் கழித்து இந்த நாடு அவரைத் தன் குடிமகன் என்றது. லெதீசியா அதற்கு முன்பே புருஷனோடு இங்கே வந்திருந்தாள். நாங்கள் வந்தபோது அர்செனியோவுக்கு வயது பதினெட்டு, கூடவே வந்துவிட்டான். உனக்கு இருபத்திரண்டு. இருபத்தொன்று தாண்டினால் வரிசையில் நில் என்றார்கள். வக்கீல் இப்போது இன்னொன்றும் சொல்கிறார்: அப்பா கண்ணை மூடினால் அவர் உனக்காகப் போட்ட மனுவும் அவரோடு குழிக்குள் போய்விடுமாம்.

ஆனால் கேள். அப்பாவைப் போன்ற போர்வீரர்களின் பிள்ளைகளை வரிசையிலிருந்து எடுத்து உடனே உள்ளே விட ஒரு மசோதா வாஷிங்டனில் இருக்கிறது. இங்கே இருக்கிற இரண்டு பெரிய கட்சிகள், கழுதைக் கட்சியும் யானைக் கட்சியும், சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவை இரண்டும் ஒரே தொட்டியில் தண்ணீர் குடிப்பது அபூர்வமாம். வருஷம் முடிவதற்குள் நிறைவேறாவிட்டால் அந்த மசோதா செத்துப்போகும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். போர்வீரர் மனைவிமார் சங்கத்தில் நானும் சேர்ந்துவிட்டேன். வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறோம்.

கல்யாணம் செய்தால் இன்னும் நீண்ட வரிசைக்குத் தள்ளிவிடுவார்கள், இங்கே வந்து சேர்ந்த பிறகு பார்க்கலாம் என்று அன்று விமான நிலையத்தில் உன் கையைப் பிடித்துச் சொன்னேன். நீ அந்தச் சொல்லைக் காத்துக்கொண்டு தனியாக இருக்கிறாய். அது எனக்குத் தெரியும். ஆண்டவருக்கும் தெரியும்.

உன் தாய்,
கிறிஸ்பினா


பசுக்கின், இலோகோஸ்
14 மார்ச் 2010

அன்பும் மரியாதையும் மிகுந்த அம்மாவுக்கு,

உங்கள் கை பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொள்கிறேன். நான் நலம். அப்பாவுக்குக் கால் வீக்கம் குறைந்ததா? உப்பில்லாமல் சாப்பிடச் சொன்னார்களே, கேட்கிறாரா?

பூண்டு நன்றாக விளைந்தது. பின்னிக் கட்டிக் கூரையில் தொங்கவிட்டிருக்கிறேன். நெடுஞ்சாலைக் கடையில் உப்பும் பிஸ்கோத்தும் வழக்கம்போல் போகிறது. கிணற்றடி முருங்கையை வெட்டிவிட்டேன், மறுபடி தழைத்துவிட்டது.

செரிலினுக்கும் டாரிலுக்கும் கையாவுக்கும் என் முத்தங்கள். நீங்கள் வீடு வீடாக அலையவேண்டாம், உங்கள் முட்டியும் பழசுதான்.

ஒன்று கேட்கவேண்டும். அந்தச் சட்டம் கல்யாணம் ஆன பிள்ளைகளுக்கும் சேர்த்தா, ஆகாதவர்களுக்கு மட்டும்தானா? எனக்காக அல்ல. எதிர்வீட்டு டீச்சரின் அப்பாவும் போர்வீரர்தான், அவள் கேட்கச் சொன்னாள்.

கப்பலில் நீங்கள் அனுப்பும் அடுத்த பெட்டியில் எனக்கென்று எதுவும் வைக்கவேண்டாம். முடிந்தால் வண்ணப் பென்சில் ஒரு டப்பா. டீச்சர் வீட்டுக் குழந்தைக்கு.

பணிவுள்ள மகள்,
பெர்லிதா


வைப்பாஹூ
2 மே 2010

மகளே,

இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்கவேண்டும். அப்பா உப்புக்காகத் தினம் சண்டை போடுகிறார். உப்பு ஊரில் பிறந்தவனுக்கு உப்பில்லாச் சோறா என்கிறார்.

போன வாரம் நாங்கள் பன்னிரண்டு கிழவிகள் ஹொனலூலுவில் சபை உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போனோம். சங்கத் தலைவி ருஃபினா, உனக்குத் தெரியும், தேவாலயத்தில் எல்லாருக்கும் மேல் சுருதியில் பாடுவாளே, அவள்தான் முன்னால். வெறுங்கையோடு போகலாமா? தேங்காய்ப்பால் ஊற்றிய அரிசிப் பலகாரம் பெரிய தட்டில் இரண்டு, வாழையிலை போட்டு மூடி எடுத்துப் போனோம். உள்ளே டை கட்டின ஒரு பையன் தட்டைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். பரிசு எதுவும் வாங்கக்கூடாதென்று விதியாம். வாங்கினால் அவன் வேலை போகுமாம். ருஃபினா விடுவாளா?

"பரிசா? தம்பி, இது பரிசு இல்ல, சோறு. வெறுங்கையோட ஒரு வாசல்ல நிக்க எங்க அம்மா எங்களுக்குச் சொல்லித்தரல."

அவன் நிஜமாகவே வருத்தப்பட்டான். கடைசியில் தட்டைத் தூக்கிக்கொண்டு கட்டடத்துக்கு வெளியே மரத்தடிக்கு வந்துவிட்டோம். வழியோடு போகிற ஒருவனுக்குச் சாப்பாடு போட எந்த விதியும் தடை சொல்லாது என்று ருஃபினா கண்டுபிடித்தாள். மதியம் அந்தப் பையனும் இன்னும் நாலு பேரும் மிகத் தற்செயலாக அந்த வழியே வந்தார்கள். தின்றுகொண்டே எங்கள் கதையைக் கேட்டார்கள். உள்ளே கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் எழுப்பிவிட்டிருப்பார்கள்.

உன் டீச்சரின் கேள்வியை அவனிடமே கேட்டேன். கல்யாணம் ஆனவர், ஆகாதவர் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தானாம். போய்ச் சொல். ஆனால் தங்கள் பக்கம் சரி, மற்ற பக்கத்தில் இன்னும் சில பேர் தலையசைக்கவேண்டும் என்றான்.

வண்ணப் பென்சில் வாங்கிவிட்டேன், நாற்பத்தெட்டு நிறம். அந்தக் குழந்தைக்கு என்ன வயசு?

அன்புடன்,
அம்மா


வைப்பாஹூ
20 ஜூன் 2010

பெர்லிதா, என் கண்ணே,

நலமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை. உன் முறை வந்துவிட்டது. சட்டம் எதுவும் இல்லாமல், சும்மா வரிசை நகர்ந்தே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது, செரிலின் மூன்று தடவை வாசித்தாள். கல்யாணம் ஆகாத மகள் என்ற வரிசையில் உன் பெயர். அக்டோபரில் மணிலாத் தூதரகத்தில் நேர்காணல். உனக்கும் ஒரு பிரதி வந்திருக்கவேண்டும்.

அப்பா அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இயந்திரத்தில் படுக்கிறார். பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார். அவர்களில் பாதிப் பேருக்கு நம் மொழி தெரியாது, அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அர்செனியோ பின்னறைக்கு வெளிர்மஞ்சள் வண்ணம் அடித்துவிட்டான். அந்த அறை உனக்கு. ஜன்னலைத் திறந்தால் பழைய சர்க்கரை ஆலையின் புகைபோக்கி தெரியும்.

சங்கக் கூட்டத்துக்கு இந்த மாதம் போகவில்லை. நமக்குத்தான் வந்துவிட்டதே. ருஃபினா கடைவீதியில் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊரில் வரிசையில் நிற்கிற மகன்கள் அவளுக்கு மூன்று பேர், மூவரும் கல்யாணமானவர்கள். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது, ஆனால் என்ன செய்ய.

உடனே எழுது.

அம்மா


வைப்பாஹூ
1 ஆகஸ்ட் 2010

மகளே,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இவ்வளவு நாளாகியும் பதில் இல்லை. போனில் பேசினால் புயல், இரைச்சல், சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துவிடுகிறாய். புயல் எங்கே என்று செய்தியில் பார்த்தேன், அது சீனப் பக்கம் போய்விட்டதாம்.

அப்பா ஒவ்வொரு நாளும் கேட்கிறார். எழுதியிருக்கிறாள், நலமாம், துணிமணி தைக்கிறாளாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

சான்றிதழ் எதுவும் கிடைக்கவில்லையா? மணிலாவுக்குத் தனியாகப் போகப் பயமா? எதுவாக இருந்தாலும் எழுது. எழுதமுடியாததாக இருந்தால் அதையும் எழுது.

அம்மா


பசுக்கின்
22 ஆகஸ்ட் 2010

அம்மா,

நான் நலம். உங்களுக்கும் அப்பாவுக்கும் ஆண்டவர் துணையிருக்கட்டும். இந்தக் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டவேண்டாம்.

எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகிறது.

உப்புக் காய்ச்சும் டோமிங்தான். பெரிய சாலைக்கு அந்தப்புறம், அலைக்கரையில் கொட்டகை போட்டிருக்கிறார்களே, அந்தக் குடும்பம். பட்டாக் ஊரில், எங்களை யாருக்கும் தெரியாத ஒரு கோயிலில், அவன் அம்மாவும் டீச்சரும் மட்டும் நிற்க, பாதிரியார் எங்களைச் சேர்த்துவைத்தார். எட்டு வயதில் எங்களுக்கு ஒரு பெண் இருக்கிறாள். வண்ணப் பென்சில் அவளுக்குத்தான். டீச்சருக்குப் பிள்ளையே கிடையாது. நீங்கள் வயது கேட்டிருந்தீர்கள், அதற்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துபோனேன்.

நீங்கள் சொன்ன நாளிலிருந்து ஆறு வருஷம் இருந்தேன் அம்மா. அதற்குமேல் முடியவில்லை.

எங்கள் தெருவிலேயே என்னைப்போல் நாலு பேர் உண்டு. காகிதத்தில் கன்னி, வீட்டில் பிள்ளைக்குத் தலை பின்னுகிறவர்கள். ஒருத்தி கதை இன்னொருத்தி வாயில் வராது, தன் கதையும் வெளியே போகுமே என்ற பயம். அதனால்தான் இவ்வளவு வருஷமும் வைப்பாஹூவுக்கு ஒரு சொல் வந்து சேரவில்லை. அங்கிருந்து யாராவது விடுமுறைக்கு வந்தால் மகள் மாமியார் வீட்டுக்குப் போய்விடுவாள். தெருவில் எதிர்ப்பட்டால் என்னைச் சித்தி என்று கூப்பிடவேண்டும், டோமிங் யாரோ உப்புக்காரன். சொல்லிக்கொடுத்தேன். நன்றாகக் கூப்பிடுகிறாள். ஒருதடவைகூடத் தவறவில்லை.

இப்போது தூதரகம், எனக்குத் திருமணப் பதிவே இல்லை என்று அரசாங்கச் சான்று கேட்கிறது. பதிவு இருக்கிறது. மணிலாவில் ஒருவன் மாற்றுச் சான்று செய்து தருகிறானாம், போன வருஷம் இங்கிருந்து இரண்டு பேர் அப்படிப் போனார்கள். டோமிங் என்ன சொல்கிறான் தெரியுமா?

"நீ போ. கன்னின்னு சொல்லிட்டுப் போ. அப்பா முகத்தைப் பாத்துட்டு வா. நாங்க எங்க ஓடிடப்போறோம்?"

பிடிபட்டால் ஆயுள் முழுவதும் அந்த நாட்டில் கால் வைக்கமுடியாது. பிடிபடாவிட்டால், அங்கே வந்து எனக்கொரு மகள் இருக்கிறாள் என்று எந்த வாயால் சொல்வேன்? உண்மையைச் சொன்னால் நீண்ட வரிசை, அப்பாவுக்கு அத்தனை நாள் இருக்குமா? அந்தச் சட்டம் மட்டும் வந்துவிட்டால் ஒரு பொய்யும் வேண்டியதில்லை. நேர்காணலை ஒருமுறை தள்ளிப்போடலாம் என்றார்கள். ஜனவரி கேட்டு வாங்கியிருக்கிறேன். சட்டம் வருஷத்துக்குள் வந்தால் மூவராகப் போவேன். வராவிட்டால் என்ன செய்வதென்று நீங்கள்தான் சொல்லவேண்டும்.

பெர்லிதா


வைப்பாஹூ
3 அக்டோபர் 2010

பெர்லிதாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். டாரில் லாஸ் வேகாஸ் போய்விட்டான், முதல் ஆட்டத்திலேயே தோளில் அடி, ஆனால் ஜெயித்தார்கள். வெயில் இன்னும் குறையவில்லை. நேர்காணல் தள்ளிப்போனதற்கு நான் அப்பாவிடம், மணிலாவில் ஆள் பற்றாக்குறை என்றேன். எல்லா அரசாங்கமும் ஒன்றுதான் என்று திட்டினார்.

உன் கடிதம் வந்து பல நாளாகிறது. பதில் எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை. ஒரு நாள் கோபம். ஒரு நாள், ஒன்பது வருஷம் பெட்டி அனுப்பினோமே, அதில் ஒரு பால்பொடி டப்பாவாவது அந்தப் பிள்ளைக்கென்று வைக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டு சமையலறையில் நின்றேன். அதற்குமேல் அதைப்பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

சங்கத்துக்கு மறுபடி போகிறேன். கதவைத் திறந்ததும் ருஃபினா கேட்டாள்: "என்ன கிறிஸ்பினா, வழி தப்பி வந்துட்டியா?" நான் போய்த் தேங்காய் துருவ உட்கார்ந்தேன். இப்போது என்னைவிட அதிகமாகக் கையெழுத்து வாங்குகிறவர்கள் யாரும் இல்லை. பஸ் நிறுத்தத்தில், சலவைக் கடையில், அப்பாவின் ஆஸ்பத்திரியில் எல்லா இடத்திலும். ஒரு தொலைபேசி எண் கொடுத்திருக்கிறார்கள், வாஷிங்டனில் யாராவது எடுப்பார்கள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "என் பெயர் கிறிஸ்பினா, என் கணவர் போர்வீரர், தயவுசெய்து இந்த வருஷமே" என்று சொல்கிறேன். எடுக்கிற பெண்ணுக்கு இப்போது என் குரல் தெரியும். என் முட்டி வலியைக்கூட விசாரிக்கிறாள்.

அடுத்த மாதம் போர்வீரர் நாளன்று யானைக் கட்சி செனட்டர் ஒருவர் இங்கே வருகிறார், சோளம் விளைகிற மாநிலத்துக்காரர். அவர் தலையசைத்தால் அவர் பின்னால் நாலைந்து பேர் அசைப்பார்களாம். அவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறார்கள். அப்பாவைப் பழைய படைத்தொப்பியோடு முன்னால் நிறுத்தப்போகிறார்கள்.

கப்பலில் பெட்டி அனுப்பியிருக்கிறேன். அடியில் ஒரு பூப்போட்ட கவுன் இருக்கும். அவளுக்கு எட்டு வயதென்று எழுதியிருந்தாய். இங்கே எட்டு வயது அளவென்று விற்பது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தைத்தது, நம் பிள்ளை அதற்குள் நீந்துவாள். ஆறு வயது அளவில் வாங்கினேன். பெயர் என்னவென்று நீ எழுதவில்லை.

அம்மா


வைப்பாஹூ
14 நவம்பர் 2010

மகளே,

உடல்நலம் எப்படி? பெயரை எழுதிய உன் சின்ன அட்டை வந்தது. டோமிலிதா. அப்பன் பெயரில் பாதி, அம்மா பெயரில் பாதி. இந்தக் காலத்தில் எல்லாரும் இப்படித்தான் ஒட்டுப்போடுகிறார்கள். சரி, பரவாயில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், கோபப்படாமல் வாசி.

வியாழக்கிழமை போர்வீரர் கல்லறை மேட்டில் விழா. அப்பாவைச் சக்கர நாற்காலியில் செரிலின் தள்ளிவந்தாள். கொடி, பீரங்கிச் சத்தம், பாட்டு எல்லாம் முடிந்ததும் ஒரு கூடாரத்துக்குள் செனட்டரைப் பார்த்தோம். அவரும் கிழவர்தான், காதில் கருவி. நல்ல மனிதராகத் தெரிந்தார். அப்பா உட்கார்ந்தபடியே சல்யூட் அடித்தார், அவர் எழுந்து நின்று திருப்பி அடித்தார். எந்த மலையில் சண்டை, எந்தப் படை என்றெல்லாம் விசாரித்தார். செரிலின் மொழிபெயர்த்தாள்.

நான் சொல்லவேண்டியதைச் சங்கத்தில் பயிற்சி கொடுத்து அனுப்பியிருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து அவரிடம் நீட்டிவிட்டார். "என் மகள் ஜனவரியில வர்றா" என்று சிரிக்கிறார். சொந்தப் பல் நாலுதான் இருக்கிறது, அத்தனையும் தெரிந்தது.

செனட்டர் அதை நிதானமாக வாசித்தார். ருஃபினாவின் முகம் விழுந்துவிட்டது. அவர் என் பக்கம் திரும்பி மரியாதையாகத்தான் கேட்டார்: "அம்மா, உங்க மகளுக்குத்தான் முறை வந்துடுச்சே. வரிசை நகரத்தானே செய்யுது? அப்புறம் புதுசா ஒரு சட்டம் எதுக்கு?"

தலையாட்டிவிட்டு நன்றி சொல்லி எழுந்திருக்கலாம். அப்படி எழுந்திருந்தால் ஜனவரியில் நீ இங்கே வந்து மஞ்சள் அறையில் படுத்திருப்பாய். அந்த ஆசை எனக்கு எவ்வளவு என்று உனக்கு எழுதிக் காட்டமுடியாது. ஆனால் ஒரு பிள்ளை தன் தாயைத் தெருவில் சித்தி என்று கூப்பிடுகிறது, ஒருதடவைகூடத் தவறாமல். அது என் காதிலேயே நின்றுகொண்டிருந்தது.

"அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, ஐயா" என்றேன். "எட்டு வயசுல பொண்ணு இருக்கு. பொய் சொன்னா ஜனவரியில வரலாம். பொய் சொல்லாம வர்றதுக்குத்தான் உங்க சட்டம் வேணும்."

நம் மொழியில்தான் சொன்னேன், அதனால் செனட்டருக்குப் புரிவதற்கு முன்பே உன் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. செரிலின் என் பக்கம் குனிந்தாள். "பாட்டி, நெஜமாவா? இதை நான் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். சொல்லு என்றேன். சொன்னாள். கூடாரத்தில் பத்திரிகைக்காரி ஒருத்தியும் எழுதிக்கொண்டிருந்தாள். இனி எந்தச் சான்றும் உனக்கு உதவாது, மகளே. அந்த வழியை நானே அடைத்துவிட்டேன்.

செனட்டர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வருஷம் முடிவதற்குள் தன் ஆட்களிடம் பேசுவதாகச் சொன்னார். ருஃபினா வெளியே வந்ததும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நாங்கள் கொண்டுபோன தட்டிலிருந்த பலகாரத்தை யாரும் தொடவில்லை.

அப்பா வழி நெடுக அந்தக் காகிதத்தை மடித்தும் பிரித்தும் வந்தார். அடுத்த நாள் அதைச் சட்டைப் பையில் வைக்கவில்லை. சனிக்கிழமை இயந்திரத்தில் குழாயைச் சொருகும்போது கண்ணை மூடியபடி கேட்டார்: "யாரு அவன்?"

சொன்னேன்.

"அலைக்கரை உப்புக்காரனா? அவன் தாத்தன் சேவச்சண்டையில கத்திக்கு மொளகாத் தடவுற பய."

கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளையின் பெயரைக் கேட்டார். சொன்னதும் முகத்தைச் சுளித்தார். "இருமலுக்கு விக்கிற மருந்துப் பேரு மாதிரி இருக்கு" என்றார். பிறகு இயந்திரம் நிற்கிறவரை அந்தப் பெயரை மெல்லச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்காதது போல் இருந்தேன்.

என்மேல் வருத்தமிருந்தால் எழுது.

அம்மா


பசுக்கின்
17 டிசம்பர் 2010

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

முதன்முதலாக இருவருக்கும் சேர்த்து எழுதுகிறேன். இருவரையும் பணிந்து நலம் விசாரிக்கிறேன்.

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்து வாசித்தேன். வாசித்ததும் கடையை அடைத்துவிட்டேன். வருத்தம் இல்லை என்று சொன்னால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். ஜனவரியில் உங்கள் கதவைத் தட்டுவதைப் பலதடவை மனசுக்குள் நடத்திப் பார்த்திருந்தேன். செருப்பை வாசலில் கழற்றுவது வரைக்கும். அதை ஒவ்வொன்றாக மறக்கவேண்டியிருந்தது. டோமிங் கேட்டுவிட்டுப் போய் உப்புப் பானைக்கு விறகு தள்ளினான். அப்புறம் திரும்பி வந்து, "உங்கம்மா பெரிய ஆளு. எனக்கு இன்னும் பயமா இருக்கு" என்றான். அப்பா சேவல் கத்தியைப் பற்றிச் சொன்னது உண்மைதான் என்று அவன் ஒத்துக்கொள்கிறான்.

தூதரகத்துக்கு எழுதிவிட்டேன், எனக்குத் திருமணமானது என்று. நேர்காணல் இல்லை, நீண்ட வரிசைக்கு மாற்றிவிட்டோம் என்று பதில் வந்தது. இனி அந்தச் சட்டம்தான்.

நேற்று கிறிஸ்துமஸுக்கு முந்தைய விடிகாலைப் பூசைகள் தொடங்கின. எப்போதும் நான் ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம் உட்காருவோம். ஊரில் ஹவாய்க்காரர்கள் நிறைந்திருக்கும் காலம் இது. நேற்று மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். பூசை முடிந்து வெளியே வந்ததும் ருஃபினா அத்தையின் மருமகள் எதிரே வந்தாள். மகள் வழக்கம்போல, "சித்தி, போலாமா?" என்றாள். நான் குனிந்து, இனி அப்படிக் கூப்பிடவேண்டாம் என்றேன். "எப்போ வரைக்கும்?" என்று கேட்டாள். எப்போதுமே என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. வீடு வரை என்னை எப்படியும் கூப்பிடாமலே நடந்தாள். கதவைச் சாத்தியதும் அம்மா என்றாள்.

கவுன் சரியாக இருக்கிறது, ஆறு வயது அளவுதான். செய்தி ஏதாவது உண்டா?

உங்கள் மகள்,
பெர்லிதா


வைப்பாஹூ
9 ஜனவரி 2011

என் மகள் பெர்லிதாவுக்கும், மருமகன் டோமிங்குக்கும், டோமிலிதாவுக்கும்,

மூவரும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம். கிழவருக்குப் பண்டிகையில் உப்புக் கருவாடு தின்று கால் மறுபடி வீங்கியது, இப்போது பரவாயில்லை.

செய்தி நல்லதில்லை. சபை கிறிஸ்துமஸுக்குள் கலைந்துவிட்டது. நம் மசோதாவை ஓட்டுக்கு எடுக்கவே இல்லை. எதிர்த்துப் பேசியவர்கள் கிடையாது, நேரம் போதவில்லையாம். சோள மாநிலத்துச் செனட்டர் இரண்டு பேரிடம் பேசினாராம், அதுவரைக்கும் செய்திருக்கிறார். வாஷிங்டனில் போன் எடுக்கும் அந்தப் பெண், என் குரல் கேட்டதும் தானே முதலில் மன்னிப்புக் கேட்டாள். பாவம், அவள் என்ன செய்வாள். வருஷம் முடிந்ததும் மசோதாவின் எண்ணும் போய்விட்டது. நாங்கள் வாங்கிய கையெழுத்தெல்லாம் செத்துப்போன எண்ணின் பெயரில் இருக்கிறது. புதிய சபைக்குப் புதிய எண், புதிய கையெழுத்து. போன சனிக்கிழமை சங்கத்தில் பழைய கையெழுத்துத் தாள்களைக் கட்டிவைத்தோம். ஒருத்தி கணவர் டிசம்பரில் இறந்துபோனார், அவள் பிள்ளைகளின் மனுவும் முடிந்தது. அவளும் வந்திருந்தாள், எங்களுக்குக் காபி கலந்து கொடுத்தாள். அதைப் பார்த்தபிறகு யார் வீட்டுக்குப் போவார்கள்? திங்கட்கிழமையிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறோம்.

அப்பாவிடம் நான்தான் சொன்னேன். எப்படிச் சொல்வதென்று காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வந்தேன். அவர் கேட்டுவிட்டுப் புகைபோக்கியைப் பார்த்தபடி இருந்தார். பிறகு சொன்னார்: "அவங்க மொதல்லேர்ந்து ஆரம்பிக்கிறாங்கன்னா, நானும் மொதல்லேர்ந்து ஆரம்பிச்சுக்கிறேன். நாளைக்கு அந்த மெஷினுக்கு நேரத்தோட கூட்டிட்டுப் போ, கிழவி." இதுவரை ஒரு நாளாவது சிணுங்காமல் வண்டியில் ஏறியதில்லை அவர். இப்போது எனக்கு முன்னால் தொப்பியோடு தயாராக உட்கார்ந்திருக்கிறார்.

மகளே, உன்னை எப்போது பார்ப்பேன் என்று எனக்குத் தெரியாது. பார்ப்பேனா என்பதே தெரியாது. அதைப் போனில் சொல்ல முடியவில்லை, இங்கே எழுதிவிட்டேன். மஞ்சள் அறையில் அர்செனியோ இன்னொரு சின்னக் கட்டிலையும் போட்டு வைத்திருக்கிறான். நான் சொல்லவில்லை, அவனாகப் போட்டான்.

ஒரு வேலை செய். இங்கே தினமும் சண்டை. பிள்ளை அவர் சாயல் என்கிறார் அப்பா, மூக்கு நிச்சயம் அவருடையது என்கிறார், கண்ணால் பார்க்காமலே. நான் என் அம்மாவின் சாயலாக இருக்கும் என்கிறேன். உப்புக்காரன் சாயல் மட்டும் வேண்டாம் என்று அப்பா சொல்லிக்கொண்டு, அவனும் கூட நிற்கட்டும், பார்ப்போம் என்கிறார். ஆகவே மூவரும் சேர்ந்து நின்று புதிதாக ஒரு படம் எடு. ஸ்டுடியோவில் வேண்டாம், அங்கே முகத்தை மாவாக்கிவிடுவார்கள். கோயில் வாசலில், எல்லாரும் பார்க்க, நல்ல வெயிலில் நில்லுங்கள். பிள்ளையை நடுவில் நிறுத்து, அவள் கை இரண்டையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சிரிக்கச் சொல், பல் விழுந்திருந்தாலும் பரவாயில்லை. பின்பக்கம் மூவர் பெயரையும் உன் கையால் எழுதி, தாமதிக்காமல் தபாலில் போடு.